குப்புறப் படுத்த கிளிகள்

படுக்கை விரிப்பதில் சரி, தப்பு என்று இரண்டு உண்டு என்பதை ஒத்துக்கொள்ளாதவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அவர்கள் எங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பூப்போட்ட விரிப்பு என்றால் பூவின் தலை தலைமாட்டுப் பக்கம் இருக்க வேண்டும். கால்மாட்டு மூலைகளைக் கடித உறை மாதிரி மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். தலையணை உறையின் திறந்த வாய் கதவைப் பார்க்கக் கூடாது. மேலே போர்த்திக்கொள்கிற துணி இருக்கிறதே, அதை மட்டும் பூ தெரியாமல் குப்புறப் போட வேண்டும். இந்தக் கடைசி விதியை எனக்கு ஒன்பது வயதில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன்.

எங்கள் வீடு படாளத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு வயலுக்கு அப்பால் இருந்தது. ஒரு கூடம், ஒரு உள்ளறை, ஒரு சமையலறை. அப்பா மதுராந்தகத்துக்கும் படாளத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டினார். அம்மா விடிவதற்கு முன்பே முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து, மகாபலிபுரம் கடலோரத்தில் இருந்த ஒரு பெரிய ஓட்டலுக்கு வேலைக்குப் போனாள். அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை போடுகிற வேலை. ஒரு நாளைக்குப் பதினாலு கட்டில். ஊரில் கேட்பவர்களுக்கு மட்டும் அது தையல் வேலை.

இந்தத் தையல் வேலையைக் கண்டுபிடித்தது அத்தை. அப்பாவுக்கு அக்கா, இரண்டு வீடு தள்ளி இருந்தாள், எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவள் சொல்லித்தான் நடக்கும், அல்லது நடந்த பிறகு தான் சொல்லித்தான் நடந்தது என்பாள். முதல் தடவை அக்காவுக்கு ஒரு வரன் வந்து, பூ வைக்கிற அளவுக்குப் போய், அப்படியே நின்றுவிட்டது. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். "லாட்ஜ்ல படுக்கை போடுற பொம்பள வூட்ல எப்படிப் பொண்ணு எடுக்கறது" என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்களாம். தரகர் வந்து இதை அப்பாவிடம் ரகசியமாகச் சொன்னார். எங்கள் வீட்டில் ரகசியம் பேச இடமே கிடையாது என்பதால் எல்லோருக்கும் கேட்டது. எனக்கு அதில் என்ன தப்பு என்று விளங்கவில்லை. படுக்கை போடாமல் தரையிலா படுப்பார்கள் என்று கேட்டு அத்தையிடம் தலையில் ஒரு குட்டு வாங்கினேன்.

அக்கா அழவில்லை. அவள் மதுராந்தகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், மறுநாளும் வேலைக்குப் போனாள். ஆனால் அம்மா அந்த வாரம் முழுக்க அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சோறு போடும்போதும் தட்டைத்தான் பார்த்தாள். "வேலைய வுட்டுடட்டுமா" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா வெளியே போய் ஆட்டோவைத் துடைத்தார். அவருக்குப் பதில் தெரியாதபோதெல்லாம் ஆட்டோ சுத்தமாகிவிடும்.

இரண்டாவது வரன் திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்தது. பையனுக்கு மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. போட்டோ வந்த அன்று அக்கா அதை ஒரு தடவை பார்த்துவிட்டு "பரவால்ல" என்று திருப்பிக் கொடுத்தாள். ரெண்டு நாள் கழித்து அதே போட்டோ அவள் கைப்பையின் உள் ஜிப்புக்குள் இருந்ததை நான் பார்த்தேன். நான் எல்லோருடைய பையையும் குடைகிறவள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆக, இந்த இடமும் தட்டிப்போனால் அக்கா தாங்க மாட்டாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு எந்தப் பையையும் பார்க்காமலே தெரிந்திருந்தது.

தரகரிடம் பெண்ணின் அம்மா ஓட்டலில் தையல் பிரிவில் இருக்கிறாள் என்று சொல்லியனுப்பினார்கள். அம்மாவுக்கு ரவிக்கைக் கொக்கி வைத்துத் தைக்கக்கூட வராது. அத்தை அதற்கும் வழி செய்தாள். தன் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த தையல் மிஷினைத் துடைத்து, அப்பாவின் ஆட்டோவில் ஏற்றி, எங்கள் உள்ளறை ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தாள். கூடத்தில் உட்காருகிறவர்களுக்குக் கதவு வழியாகப் பாதி தெரிய வேண்டும், முழுக்கத் தெரியக் கூடாது. முழுக்கத் தெரிந்தால் தைத்துக் காட்டச் சொல்லிவிடுவார்கள். ஒரு ரோஸ் கலர் ரவிக்கைத் துணியை ஊசிக்கு அடியில் அமுக்கி வைத்தாள். "யாராவது கேட்டா அம்மா தையல் வேலைன்னு சொல்லு. கேக்கலன்னா வாய மூடிகினு இரு" என்று எனக்கு உத்தரவு.

அந்த உள்ளறையில்தான் எங்கள் கட்டிலும் இருந்தது. ஓட்டலில் மாடி அறைகளைப் புதுப்பித்தபோது பழைய கட்டில்களை வேலை செய்கிறவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். குட்டி யானை வண்டியில் வந்து இறங்கிய அது, கால்களைக் கழற்றி, கதவைக் கழற்றி, கடைசியில் ஜன்னல் கம்பி ஒன்றையும் கழற்றிய பிறகுதான் உள்ளே போனது. அறையில் முக்கால்வாசி கட்டில், மீதி நாங்கள். நானும் அக்காவும் அதில் படுத்தோம். அம்மா மட்டும் ஒரு நாளும் அதில் படுத்ததில்லை. மத்தியானம் கொஞ்ச நேரம் சாயக்கூட மாட்டாள். கீழே கோரைப்பாய்தான். "ஏம்மா" என்று கேட்டால், "கட்டிலப் பாத்தாலே எனக்கு முதுகு வலிக்குது" என்பாள்.

ஆனால் போடாமல் இருக்கவும் அவளால் முடியாது. வாரத்தில் ஒரு நாள் லீவு கிடைத்தால் காலையில் எங்களை எழுப்பிவிட்டு முதல் வேலையாகக் கட்டிலைத்தான் சரி செய்வாள். ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் வருவாள். சும்மா சுற்றிச் சுற்றி நடந்தால் பதினாலு கட்டிலுக்குக் கால் தாங்காதாம். கடைசியில் உள்ளங்கையால் நடுவில் ஒரு தட்டு. சுருக்கம் ஓடிப்போய்விடும். அவள் கை விரல்களின் நுனி எப்போதும் வெளுத்து, தோல் உரிந்து இருக்கும், பாத்ரூம் கழுவுகிற மருந்தினால். நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பாள்.

பெண் பார்க்க வருவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓட்டலில் ஞாயிறு லீவு கொடுக்க மாட்டார்கள். அம்மா யாரோ ஒருத்தியிடம் கெஞ்சி நாளை மாற்றிக்கொண்டாள். முந்தின நாள் வரும்போது செங்கல்பட்டில் இறங்கி ஒரு ஜோடி விரிப்பு வாங்கி வந்தாள். எங்கள் வீட்டில் அதுவரை விரிப்பு என்றால் ஓட்டலில் கழித்துப் போட்ட வெள்ளைத் துணிதான், ஓரத்தில் ஒரு கிழிசலாவது இருக்கும். இது புதுசு. வெளிர் மஞ்சள் துணியில் பச்சைக் கிளிகள், ஒவ்வொன்றும் ஒரு கொய்யாக் கிளையில், மூக்கு மட்டும் சிவப்பு. மெத்தைக்கு ஒன்று, போர்த்திக்கொள்ள ஒன்று, ரெண்டு தலையணை உறை. பிரித்ததும் வந்த கஞ்சி வாசனையை நானும் அக்காவும் மாற்றி மாற்றி மோந்து பார்த்தோம்.

ஞாயிறு காலையில் அம்மா கட்டில் போட்டாள். கீழ் விரிப்பில் கிளிகள் தலைமாட்டைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. மேல் துணியை உதறி விரித்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. கிளிகள் எல்லாம் குப்புற விழுந்துவிட்டன. மேலே தெரிந்தது வெளிறிப்போன பின்பக்கம்தான். அதற்கு மேலே ஒரு போர்வையை வேறு போட்டாள். தலைமாட்டில் மட்டும் துணியை ஒரு முழம் பின்னால் மடித்துவிட்டாள், அங்கே ஒரே ஒரு வரிசைக் கிளிகள் தெரிந்தன, அவையும் வாசலிலிருந்து பார்த்தால் தலைகீழாக. அம்மா உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கேசரி கிளறப் போய்விட்டாள். அந்த வெயிலில் போர்வை எதற்கு என்று கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

சற்று நேரத்தில் அத்தை மேற்பார்வைக்கு வந்தாள். மிஷினை ஒரு அங்குலம் நகர்த்தினாள். கட்டிலைப் பார்த்தாள்.

"இன்னாடி இது? புதுத்துணியத் திருப்பிப் போட்டு வெச்சிகீறா உங்கம்மா. வர்றவங்க பாத்தா சிரிக்க மாட்டாங்க? படபடப்புல கண்ணே தெரியல போல அவளுக்கு."

சொல்லிவிட்டு அவள் அக்காவுக்குத் தலை பின்னத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அக்காவை அங்கேதான் அலங்கரித்தார்கள். அறையில் நானும் குப்புற விழுந்த கிளிகளும்.

பாவம் அம்மா என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. தினம் பதினாலு கட்டில் போட்டுப் போட்டு, சொந்தக் கட்டிலில் கோட்டை விட்டுவிட்டாள். அவளைக் கூப்பிட்டுச் சொன்னால் இன்னும் பதறுவாள். நானே சரி செய்துவிட்டால் அவளுக்குத் தெரியவே வேண்டாம். போர்வையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மேல் துணியை உருவித் திருப்பிப் போட்டேன். கீழ் விரிப்பில் மூலையில் செருகியிருந்ததையும் வெளியே இழுத்துவிட்டேன், மடிப்புக்குள் நாலு கிளிகள் வீணாக மாட்டிக்கொண்டிருந்தன. சுவர் ஓரத்து மூலைக்கு மட்டும் என் கை எட்டவில்லை. அது அம்மா போட்டபடியே இருந்தது. தலையணைகளைத் தொடவில்லை. பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். மூன்று பக்கமும் துணி தொங்கியது, கட்டில் முழுக்கக் கிளிகள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாடகைக் கார் ஒன்றில் நாலு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, தரகர். மாப்பிள்ளையின் அம்மா இறங்கும்போதே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்ட காரில் வந்து பழக்கமில்லையாம், குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. மெலிந்த, உயரமான பெண்மணி. கூடத்தில் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"செத்த நேரம் உள்ள படுங்க. பொண்ணு வர நேரமிருக்கு" என்றார் அப்பா. அவசரத்தில் அவருக்கு மிஷின் ஞாபகம் வரவில்லை. சமையலறை வாசலில் அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். என்னைப் பார்த்து, "குட்டி, கூட போ. ஃபேனப் போட்டுட்டுத் தண்ணி குடு" என்றாள்.

அந்தம்மா உள்ளே வந்து நின்றார். முதலில் மிஷினைப் பார்த்தார். குனிந்து ரவிக்கைத் துணியைத் தொட்டார்.

"எங்கம்மா தையல் வேலதான் பாக்கறாங்க" என்றேன். அவர் கேட்கவே இல்லை.

"அப்படியா கண்ணு" என்றார். "மிஷின்ல நூலே கோக்கலியே."

எனக்கு அதற்கு உத்தரவு எதுவும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். வாங்கிக் குடித்தார். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். விரல் நுனிகள் வெளுத்துத் தோல் உரிந்திருந்தன. நகங்கள் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தன. எங்கள் அம்மாவுக்கு மட்டும்தான் அப்படி இருக்கும் என்று நினைத்திருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

அவர் கட்டிலில் உட்காரப் போனவர் உட்காரவில்லை. தலையணையைப் பார்த்தார். குனிந்து அதன் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். பிறகு கட்டிலின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, எட்டி, சுவர் ஓரத்து மூலையைத் தடவினார். அந்த மடிப்பின் மேல் கையை வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டார். குமட்டல் அதிகமாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"இந்தக் கட்டில யார் போட்டது கண்ணு?"

"எங்கம்மா."

"இந்த மூலை அவங்க போட்டது. இதெல்லாம் யாரு?" என்று தொங்கிக்கொண்டிருந்த பக்கத்தைக் காட்டினார்.

இவ்வளவு அழகாகச் செய்ததற்கு யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் நான். "நான்தான். அம்மா தெரியாம கிளிய குப்புறப் போட்டுட்டாங்க. தலைமாட்டுல வேற மடிச்சு வுட்டுட்டாங்க. நான்தான் சரி பண்ணேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அவங்களுக்குத் தெரியாது."

அந்தம்மா சிரித்தார். வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். கூடத்தில் அப்பா மழை பற்றியும் மதுராந்தகம் ஏரி பற்றியும் மாப்பிள்ளையின் அப்பாவிடம் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"போர்வ எங்க?"

கட்டிலுக்கு அடியில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகினார். பிறகு நடந்தது எல்லாம் மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. நான் போட்ட துணியை ஒரே இழுப்பில் உருவினார். கீழ் விரிப்பின் மூலையை மெத்தையோடு தூக்கி, மடித்து, இறக்கி, செருகினார். மேல் துணியை ஒரு உதறு உதறினார். கிளிகள் மறுபடியும் குப்புற விழுந்தன.

"ஐயோ, குப்புறப் போடறீங்க" என்றேன்.

"குப்புறத்தான் போடணும் கண்ணு. போத்திகினு படுக்கறவங்களத்தான் கிளி பாக்கணும். வாசல்ல நின்னு பாக்கறவனுக்கு இன்னாத்துக்குக் கிளி?"

தலைமாட்டில் துணியை ஒரு முழம் அளந்து பின்னால் மடித்தார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்த கிளிகள், படுத்திருப்பவருக்கு நேராகத் தெரியும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. அவரும் ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்துக்கு எட்டினார். கடைசியில் உள்ளங்கையால் நடுவில் ஒரு தட்டு. பிறகு, இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம், அவ்வளவு பாடுபட்டுப் போட்ட கட்டிலில் அவர் படுக்கவில்லை. மூலையில் சுருட்டி வைத்திருந்த அம்மாவின் கோரைப்பாயை எடுத்துத் தரையில் விரித்து, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அம்மாவின் தப்பை மறைக்கப் போய், இப்போது மாப்பிள்ளையின் அம்மாவே அதே தப்பைச் செய்துவிட்டார், போதாததற்கு எங்கள் கட்டில் பிடிக்காமல் தரையில் படுத்துவிட்டார். சம்பந்தம் தட்டிப்போவதற்கு இதைவிட என்ன வேண்டும். அக்காவின் கைப்பையில் இருந்த போட்டோ என் கண் முன்னால் வந்தது.

அம்மா எலுமிச்சம்பழச் சாறோடு உள்ளே வந்தாள். தரையில் படுத்திருந்தவரைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"ஏங்க கீழ படுத்துகினீங்க? கட்டில்ல படுக்கலாம் இல்ல?"

அந்தம்மா எழுந்து உட்கார்ந்தார். "போட்டு வெச்ச கட்டில்ல படுக்க மனசு வரல சம்பந்தி" என்றார்.

இன்னும் பெண்ணே வரவில்லை, கேசரியே வைக்கவில்லை, அதற்குள் சம்பந்தியா என்று நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், அவரையே பார்த்தாள். பிறகு அவள் கண் தானாகக் கட்டிலுக்குப் போனது. கால்மாட்டு மூலையில் நின்றது. அம்மா மூலை மடித்தால் மடிப்பு வெளிப்பக்கமாகச் சரியும். இந்த மூலையில் அது உள்பக்கமாகச் சரிந்திருந்தது. வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது.

"எத்தினி கட்டில் போடறீங்க?" என்று அந்தம்மா கேட்டார், மெதுவாக.

அம்மா என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், ஜன்னலுக்குக் கீழே இருந்த மிஷினைப் பார்த்தாள். "பதினாலு" என்றாள்.

"எனக்கு இருபது. ஏசி கெடையாது, கொசுவல வேற கட்டணும்" என்றார் அந்தம்மா. சாற்றை வாங்கிக் குடித்தார்.

அக்கா வந்தாள், விழுந்து கும்பிட்டாள், கேசரி கொடுத்தாள். மாப்பிள்ளை ரெண்டு தடவை கேசரி வாங்கிக்கொண்டார். அவருடைய அப்பா வழக்கமாகச் சொல்கிற மாதிரி, "வூட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்று ஆரம்பித்தார். அந்தம்மா குறுக்கே பேசினார்.

"கலந்து பேச இன்னா கீது. பொண்ணு எங்க பொண்ணு. தேதியப் பாருங்க."

அத்தை எனக்குப் பின்னால் நின்று, "பாத்தியா, மிஷினு வெச்சது வேல செஞ்சிடுச்சு" என்று காதில் முணுமுணுத்தாள். அவள் சாகும்வரை அதை நம்பிக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் மறுத்துச் சொல்லவில்லை.

எனக்கும் உண்மை முழுதாகத் தெரிய ரொம்ப நாளானது. எங்களிடம் அவர்கள், பையனின் அம்மா வீட்டோடுதான் இருக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள். கல்யாணமாகிப் போன அக்கா, முதல் தடவை ஊருக்கு வந்தபோது சொன்னாள், மாமியார் பல வருஷமாக மகாபலிபுரத்தில் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறார் என்று. ரெண்டு வீடும் ஒரே பொய்யைத்தான் வேறு வேறு துணியில் தைத்திருந்தன. ஒரே ரோட்டில், ஒரு மைல் தள்ளி, அந்த ரெண்டு பெண்களும் யார் யாரோ படுத்து எழுந்த கட்டில்களைத் தினமும் சரி செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஒரே பஸ்ஸில்கூட வந்திருப்பார்கள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. எல்லோரும் காரில் ஏறுகிற நேரத்தில் நான் தாம்பூலத் தட்டைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் நின்றேன். அந்தம்மா கார்க் கண்ணாடியை இறக்கச் சொன்னார். அம்மாவின் கையைப் பிடித்தார். வெளுத்த விரல்களும் வெளுத்த விரல்களும்.

"நாங்க போனதும் அந்தக் கட்டில்ல செத்த படுங்க சம்பந்தி" என்றார். "உங்களுக்குத்தான் போட்டேன்."

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

கார் மெயின் ரோட்டைத் தொட்டுத் திரும்பியதும் வீட்டில் ஒரே கலகலப்பு. அத்தை மிஷினைத் திருப்பி எடுத்துப்போக ஆள் தேடினாள். அக்கா கண்ணாடி முன்னால் நின்று தேவையில்லாமல் ஜடையை அவிழ்த்து மறுபடி பின்னினாள். கேசரிப் பாத்திரத்தின் அடியைச் சுரண்டித் தின்றுவிட்டு அம்மாவைத் தேடினேன், நான் செய்ததை ஒப்புக்கொண்டுவிடலாம் என்று. சமையலறையில் இல்லை. பின்பக்கத்தில் துணி துவைக்கிற கல்லருகிலும் இல்லை.

உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தேன். அம்மா கட்டிலில் படுத்திருந்தாள். பட்டுப்புடவைகூட மாற்றவில்லை. கால்களைச் சேர்த்து வைத்து, நேராக, அந்தத் துணிக்குள், கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு. மடித்துவிட்ட ஒரு வரிசைக் கிளிகள் அவள் மோவாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தன. ரெண்டு கையையும் அவற்றின் மேல் வைத்திருந்தாள். கண் திறந்தே இருந்தது. கண்ணின் ஓரத்திலிருந்து காதுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கவில்லை.

அவ்வளவு நன்றாகப் போட்ட கட்டில்.

"எம்மா, கசங்கிடும்" என்றேன்.

"கசங்கட்டும்" என்றாள் அம்மா.

நான் வெளியே ஓடினேன். அப்பா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எப்பா, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல போல. கட்டில்ல படுத்துகினு கீறாங்க" என்றேன். அவர் துணியைப் போட்டுவிட்டு வந்து, உள்ளறை வாசலில் நின்று பார்த்தார். உள்ளே எட்டி ஃபேனை ஒரு புள்ளி கூட்டி வைத்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு மறுபடி ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். அழுதுகொண்டு படுத்திருக்கிறவளுக்கு ஒரு மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றுகூட இந்த மனுஷருக்குத் தோன்றவில்லையே என்று அன்று சாயங்காலம் முழுக்க நான் அப்பாவோடு பேசவில்லை.